ஓக் மரச் சுவரும் ஓர் ஏணியும்

(கிழக்கு இலண்டனில் உள்ள தமிழ் வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை, எழுத்து வடிவில்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எங்கள் வாசிகசாலையின் போசகர் ஐயா அவர்களே, இன்னொரு கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, என்னுடைய சந்திப் பிழைகளைச் சிறு தாளொன்றில் இப்போதே குறிக்கத் தொடங்கிவிட்ட பண்டிதர் ஐயா அவர்களே, மொழி விளங்காதபோதும் முகம் சுளிக்காமல் இருந்து கேட்கும் அயல் தேவாலயத்துக் குருவானவர் அவர்களே, தாய்மாரே, தந்தையரே, கதவருகே நிற்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

போசகர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் நான் நன்றி மறந்தவனாவேன். இந்த வாசிகசாலையின் முதல் அலுமாரி அவர் தந்தது. வாங்கித் தந்ததோடு நில்லாமல், அதைத் தம் காரின் கூரையில் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்து, நான்கு பேரைப் பிடித்துப் படியேற்றி, அது வாசலுக்குள் நுழையாது என்று கண்டதும் கதவையே கழற்றி வைத்துவிட்டு உள்ளே கொண்டுவந்து நிறுத்தியவர் அவர். அந்தக் கதவு இன்றைக்கும் சரியாகச் சாத்துவதில்லை என்பதை ஐயாவின் நினைவுச் சின்னமாகவே நாங்கள் கருதுகிறோம். நகரசபை உறுப்பினர் அவர்கள் எமக்கு வாகனத் தரிப்பிடம் பெற்றுத் தந்தவர். குருவானவர் அவர்கள் எமக்கு ஏணி தந்தவர். ஏணியின் கதை பிறகு வரும். சமையலறையில் வடை சுடுகிற சகோதரிகளுக்கும் நன்றி சொல்லவேண்டும். வாசனை இந்த மேடைக்கு எட்டும்போது பேச்சை முடித்துக்கொள்வதாகச் செயலாளருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றையும் அதன் பழைய தேவாலயத்தையும் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். எசெக்ஸ் மாவட்டத்திலுள்ள கிரீன்ஸ்டெட் என்னும் ஊரை எடுத்துக்கொண்டேன். இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் போய்விடலாம். ஆயினும் இந்த மண்டபத்தில் அங்கே போனவர்கள் கை உயர்த்துங்கள் என்றால் ஐந்து கைகூட எழாது என்பதை அறிவேன். ஐந்து விடயங்களைச் சொல்ல வந்திருக்கிறேன். முதலாவது அங்குள்ள மரச்சுவர். இரண்டாவது, அங்கே ஓரிரவு தங்கியதாகச் சொல்லப்படும் ஓர் அரசனின் உடல். மூன்றாவது, அந்த ஊருக்கு வந்து குடியேறிய தண்டனைக் கைதிகள். நான்காவது, கோபுரத்திலுள்ள மணி. ஐந்தாவது, வாசலருகே இருக்கும் கல்லறை. என் தாயார் அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: "நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரியால் வெட்டும்படி விடாதே." அதை இன்று நான் நாலைந்து தடவை சொல்லுவேன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ட்ரல் பாதை நிலத்தடி ரயில் முன்பெல்லாம் ஒங்கார் வரைக்கும் ஓடியது. 1994 செப்டம்பர் 30ஆம் திகதியோடு அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். இப்போது எப்பிங் நிலையத்தில் இறங்கவேண்டும். அங்கிருந்து பேருந்தில் சிப்பிங் ஒங்காருக்குப் போய், மேற்கே ஒரு மைல் அளவு நடந்தால் கிரீன்ஸ்டெட். கால் வலுவுள்ளவர்கள் எப்பிங்கிலிருந்தே எசெக்ஸ் வே என்னும் நடைபாதையைப் பிடிக்கலாம். எப்பிங்கில் தொடங்கி ஹாரிச் துறைமுகம் வரை 82 மைல் போகிற அந்தப் பாதை இந்தத் தேவாலயத்தின் வாசலைத் தொட்டுக்கொண்டே செல்கிறது. கடைத்தெருவை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சில வீடுகள், வயல்கள், ஒரு பழைய பண்ணை மாளிகை, அதன் பக்கத்தில் தேவாலயம், அவ்வளவே ஊர். ஆனால் 1086இல் முதலாம் வில்லியம் மன்னன் நாடு முழுவதையும் கணக்கெடுத்து எழுதுவித்த டூம்ஸ்டே ஏட்டில் இந்த ஊருக்கும் ஓர் இடம் இருக்கிறது. பெயரின் பொருள் பசுமையான இடம் என்பதாகும். பண்டிதர் ஐயாவிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தால் 'பசும்பதி' என்று ஆக்கித் தருவார்.

தூய அந்திரேயாவின் பெயரைக் கொண்ட இந்தத் தேவாலயம் மிகச் சிறியது. இந்த மண்டபத்தில் வைத்தால் இரண்டு பக்கமும் நாற்காலி போட இடம் மிஞ்சும் என்றே எனக்குத் தோன்றியது. எட்ட நின்று பார்த்தால், மூன்று கட்டடங்களின் துண்டுகளை எடுத்து ஒட்டியதுபோலத் தெரியும். மேற்கே வெள்ளைப் பலகை அடித்த கோபுரம். கிழக்கே, பலிபீடம் இருக்கும் பகுதி, தியூடர் காலத்துச் செங்கல். நடுவே சபையார் அமரும் பகுதி மாத்திரம் மரம். அந்த நடுப்பகுதிக்காகவே உலகம் அங்கே போகிறது. உலகில் இன்றும் நிற்கும் மரத் தேவாலயங்களுள் மிகப் பழையது என்று அதைச் சொல்லுகிறார்கள். நோர்வே நாட்டின் புகழ்பெற்ற மரத் தேவாலயங்கள் யாவும் இதற்கு இளையவை. 1972இல் பிரித்தானிய அஞ்சல் துறை கிராமத்துத் தேவாலயங்கள் ஐந்துக்கு முத்திரை வெளியிட்டபோது, 3 பென்ஸ் முத்திரையில் இதைத்தான் போட்டார்கள்.

சுவரின் அருகில் போய்க் கையை வைத்துப் பார்த்தேன். ஊரிலே பனையைத் தறித்து, ஆப்பு வைத்துப் பிளந்து, வளைக்கு எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சுவர் உடனே விளங்கிவிடும். பெரிய ஓக் மரங்களை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, வட்டப் புறம் வெளியேயும் தட்டையான புறம் உள்ளேயும் வரும்படி, ஒன்றோடொன்று நெருக்கமாக நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள். வெளியே நின்று பார்த்தால் மரங்கள் வரிசையாக நிற்கும் தோற்றம். உள்ளே போனால் ஓரளவு சமமான பலகைச் சுவர். அந்தத் தட்டைப் புறத்தில் தச்சனின் வாய்ச்சி கொத்திய தடங்கள், மீன் செதிலைப்போல மேலும் கீழுமாக இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு மரத்தின் விளிம்பிலும் காடி எடுத்து, இரண்டு காடிகளுக்கும் நடுவே மெல்லிய மர நாக்கைச் செருகியிருக்கிறார்கள். காற்றும் சாரலும் புகாமல் இருக்க அவன் கண்ட வழி அது. மரம் வெளியே கறுத்துப்போய்விட்டது. வெடிப்புகளுக்குள் விரல் நுனி புகும். தட்டிப் பார்த்தால் இரும்பைத் தட்டியதுபோல ஓர் இறுக்கம். தட்டக்கூடாது என்று அங்கிருந்த அம்மையார் சொல்லியதால் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டேன்.

இதன் வயதைப் பற்றி ஒரு பிணக்கு இருந்தது. 1960 அளவில் மரத்தின் வளையங்களைக் கொண்டு கணித்தவர்கள் இதை 845ஆம் ஆண்டளவில் கட்டியதாகச் சொன்னார்கள். பழைய கையேடுகளில் அந்த ஆண்டுதான் இருக்கிறது. 1990களில் மீண்டும் ஆராய்ந்தபோது, மரம் வெட்டப்பட்டது 1053க்குப் பிற்பட்ட காலத்தில் என்று தெரியவந்தது. இருநூறு வயது ஒரே நாளில் குறைந்துபோயிற்று. அதனால் பெருமை குறைந்தது என்று வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை. நோர்மன்காரர் வந்து இறங்கிய காலத்தை ஒட்டி, சாக்சன் தச்சர்களின் பழைய கைமுறையில் எழுந்த சுவர் என்பதே போதிய பெருமை. 1960இல் நிலத்தைத் தோண்டியவர்கள், இதற்கும் முந்திய இரண்டு மரக் கட்டடங்களின் அடையாளங்களைப் பலிபீடப் பகுதியின் கீழே கண்டார்கள். பழையது உக்கியபோது அதே இடத்தில் மறுபடியும் கட்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது விடயம் அந்த அரசனின் உடல். கிழக்கு ஆங்கிலியாவின் அரசன் எட்மண்ட் 869இல், கடல் வழியே படையெடுத்து வந்த டேனியரால் கொல்லப்பட்டான். அவனுடைய தலையை வெட்டிக் காட்டுக்குள் எறிந்தார்கள் என்றும், மக்கள் தேடி வந்தபோது ஓர் ஓநாய் அந்தத் தலையைக் காலிடையே வைத்துக் காத்துக்கொண்டிருந்தது என்றும் கதை சொல்லும். அவன் புனிதனாக வணங்கப்பட்டான். 1010இல் டேனியர் திரும்பவும் வந்தபோது துறவிகள் அவன் உடலை இலண்டனுக்குக் கொண்டுபோனார்கள்; 1013இல் திருப்பி எடுத்துச் சென்றார்கள். போகிற வழியில் ஒங்காருக்கு அருகே அந்த உடல் தங்கியதென்றும், அங்கே அவன் பெயரால் ஒரு மரக் கோயில் இருக்கிறதென்றும் பழைய குறிப்பொன்று சொல்லுகிறது. அந்த மரக் கோயில் இதுதான் என்பது ஊரார் நம்பிக்கை. நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ஆகவே ஒரு கழித்தல் செய்யாமல் என்னால் இருக்க முடியாது. உடல் வந்தது 1013இல். மரம் வெட்டியது 1053க்குப் பிறகு. நாம் தொடுகிற இந்தச் சுவர் அந்த உடலைப் பார்த்திருக்க முடியாது. பார்த்திருந்தால், மண்ணுக்குள் உக்கிப்போன அதன் முன்னோர்களில் ஒன்று பார்த்திருக்கலாம். இதை அங்கே நின்ற ஒருவரிடம் மெல்லச் சொன்னேன். "அது எங்களுக்கும் தெரியும், ஆனாலும் நல்ல கதை" என்றார்.

இனி, ஓக் மரம் எப்படித் தொள்ளாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் நிற்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். இன்று நான் பேச எழுந்ததே இதற்காகத்தான். ஓக்கின் வைரம், அதாவது மரத்தின் இறுகிய நடுப்பகுதி, பூச்சியையும் பூஞ்சணத்தையும் இலகுவில் உள்ளே விடாது. மழை பட்டாலும், பட்ட நீர் வடிந்து காற்றில் காய்ந்துவிட்டால் அதற்குக் கேடில்லை. கேடு காலடியில் இருக்கிறது. ஓட்டிலிருந்து விழுகிற நீர் சுவரின் அடியில் தெறிக்கிறது, அடிக்கட்டை ஈரத்திலேயே ஊறுகிறது, அதன்மேல் நிற்கிற மரங்கள் ஒவ்வொன்றும் பாதத்திலிருந்து மேல்நோக்கி உக்கிக்கொண்டு வருகின்றன. கிரீன்ஸ்டெட்டில் அதுதான் நடந்தது. 1848இல், அக்காலக் குருவானவர் பிலிப் ரே என்பவரின் முயற்சியில் பெருந் திருத்த வேலை தொடங்கியபோது, உக்கிப்போன பாதங்களை வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. நூற்றாண்டுகள் நின்ற மரங்களின் காலைத் தறித்து, அந்த உயரத்துக்குச் செங்கல் அடித்தளம் கட்டி, அதன்மேல் அவற்றை மீண்டும் நிறுத்தினார்கள். இன்று போனால், மரம் முடிந்து செங்கல் தொடங்குகிற அந்தக் கோட்டை முழங்காலுக்குக் கீழே நீங்களே காணலாம். நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரியால் வெட்டும்படி விடாதே என்று என் தாயார் சொன்னது உவமை என்றே நான் நினைத்திருந்தேன். அங்கே உண்மையாகவே வெட்டியிருக்கிறார்கள்.

பிலிப் ரேயைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் வெட்டியிராவிட்டால் சுவர் முழுவதும் போயிருக்கும். ஆனால் அந்த நூற்றாண்டில் இங்கிலாந்து முழுவதும் திருத்தம் என்ற பெயரில் நடந்தவை எல்லாம் அப்படிப்பட்டவை அல்ல. நல்ல சாந்தைச் சுரண்டினார்கள், பழைய கல்லைக் கொத்திப் புதிதாக்கினார்கள், தேவாலயத்தை இல்லாத ஒரு காலத்து அழகுக்குத் திருப்பப் பார்த்தார்கள். இதைக் கண்டு பொறுக்காமல் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மொரிஸ் 1877இல் பழைய கட்டடங்களைக் காப்பதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். 'சுரண்டல் எதிர்ப்பாளர்' என்று அவர்களுக்குப் பட்டப் பெயர் விழுந்தது. அந்தச் சங்கத்தின் அறிக்கை கேட்டது மிக எளிமையான காரியம்: நாளாந்தக் கவனிப்பால் சிதைவைத் தள்ளிப்போடுங்கள், சாயும் சுவருக்கு முட்டுக் கொடுங்கள், ஒழுகும் கூரையை ஒட்டுப்போடுங்கள். நாளாந்தக் கவனிப்பு என்ற அந்தச் சொல்லை வாசித்தபோது, மொரிஸ் எங்கள் தாயாரைச் சந்தித்திருப்பாரோ என்று எனக்கு ஐயம் எழுந்தது. எங்கள் கோயில்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் உண்டு. நான் பேசுவது மற்றப் பதினோரு ஆண்டுகளைப் பற்றி.

இங்கிலாந்துத் திருச்சபைக்குச் சுமார் 16,000 தேவாலயங்கள் இருக்கின்றன. 1955இல் ஒரு சட்டத்தால் தொடங்கிய முறைப்படி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தகுதி பெற்ற ஒருவர் ஒவ்வொரு கட்டடத்தையும் நேரில் பார்த்து அறிக்கை தரவேண்டும். இந்த அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிற சொல் கோபுரமோ சிற்பமோ கண்ணாடிச் சித்திரமோ அல்ல என்று குருவானவர் எனக்குச் சொன்னார். பீலி என்ற சொல்தான். கூரையின் ஓரத்தில் நீரை ஏந்திக் குழாய்க்குக் கொண்டுபோகிற அந்தத் தகரப் பீலி. அதில் இலை அடைத்தால் நீர் சுவருக்குள் போகிறது. அவ்வளவே எல்லா அழிவின் தொடக்கமும்.

இந்த இடத்தில் எங்கள் வாசிகசாலையின் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். பலருக்குத் தெரியும், தெரிந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதம், பழைய சஞ்சிகைகள் இருக்கிற அலுமாரிக்கு மேலே, முகட்டில் ஓர் ஈரத் தடம் தோன்றியது. முதல் வாரம் அது அப்பள அளவு. நிர்வாகக் குழு கூடியது. அடுத்த வாரம் கூடுவதென்று ஏகமனதாக முடிவெடுத்தது. அடுத்த வாரம் தடம் தோசைக்கல் அளவு. அதை ஆராய ஓர் உபகுழு நியமிக்கப்பட்டது. உபகுழுவுக்குத் தலைவர் யார் என்பதில் இரண்டு கிழமை போயிற்று. அதற்குள் நீர் சொட்டத் தொடங்கியது. ஓர் உறுப்பினர் வாளி கொண்டுவந்தார். இன்னொருவர், வாளியிலிருந்து தெறிக்கும் நீருக்காக ஒரு குடையை விரித்து அலுமாரியின்மேல் கட்டினார். குடையில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் விளம்பரம் இருந்தது. அந்த அறையில் காப்புறுதி என்று இருந்தது அது ஒன்றுதான்.

பிறகு கூரை வேலை செய்கிற ஒருவரை அழைத்தோம். அவர் பெயர் வேண்டாம். வந்தவர் ஏணி கொண்டுவரவில்லை. தெருவின் மறுபக்கத்தில் நின்று, கையை நெற்றியில் வைத்து, கப்பலைத் தேடுகிற மாலுமியைப்போல எங்கள் கூரையைப் பார்த்தார். முழுக் கூரையையும் மாற்றவேண்டும் என்றார். தொகையை நான் இங்கே சொல்லமாட்டேன். பொருளாளர் அன்று கையில் எடுத்த தேநீரை இன்னும் குடித்து முடிக்கவில்லை. பணம் திரட்டலாமா, கட்டடத்தையே விட்டுவிட்டுப் புதிய மண்டபம் தேடலாமா என்று விவாதித்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில், ஒரு சனிக்கிழமை இரவு பெரும் மழை. காலையில் கதவைத் திறந்தால் (நல்ல வேளையாக அது சாத்துவதில்லை) முகட்டின் ஒரு பகுதி தரையில் கிடக்கிறது, மூன்று அலுமாரி நூல்கள் ஊறிப்போய் இட்லியைப்போல உப்பியிருக்கின்றன.

அன்று இந்தச் சமூகம் செய்த வேலையை நான் மறக்கமாட்டேன். தாய்மார் நூல்களை மடியில் ஏந்திக்கொண்டு வீடுகளுக்குப் போனார்கள். தலைமயிர் உலர்த்தும் கருவியால் பக்கம் பக்கமாக உலர்த்தினார்கள். வெப்பத் தகடுகளின் மேலே, காலுறைகளுக்கு நடுவே, நிகண்டுகள் காய்ந்தன. ஒரு செய்யுள் நூலுக்கு இன்றும் கருவாட்டுக் குழம்பின் மணம் உண்டு. அதை இரவல் வாங்குகிறவர்கள் முன்னைவிடக் கூடியிருக்கிறார்கள்.

பிற்பகலில், ஆராதனை முடித்துவிட்டுக் குருவானவர் வந்தார். ஈரத்தைப் பார்த்தார், வெளியே போய்ச் சுவரைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் போய் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெள்ளைக் கழுத்துப்பட்டி கழற்றாமலே ஏறினார். பீலிக்குள் கையை விட்டு இலைச் சேற்றை வாரி வாரிக் கீழே போட்டார். பிறகு, நீர் இறங்கும் குழாயின் வாயிலிருந்து எதையோ பிடுங்கி எடுத்துத் துடைத்து, மேலே நின்றபடியே எங்களுக்குக் காட்டினார். ஒரு டென்னிஸ் பந்து. அதன்மேல் எங்கள் விளையாட்டு விழாவின் அடையாள எழுத்துகள், நீல மையில், மங்காமல் இருந்தன.

சபையோரே, அந்த ஆண்டு மூத்தோர் கிரிக்கெட் ஆட்டத்தில் கடைசிப் பந்துக்கு ஆறு ஓட்டம் அடித்தவன் நான். பந்து அடுத்த தெருவுக்குப் போயிற்று என்று ஓராண்டு முழுவதும் திருமண வீடுகளிலும் பிறந்தநாள் வீடுகளிலும் சொல்லித் திரிந்தவனும் நான். அது அடுத்த தெருவுக்குப் போகவில்லை. எங்கள் கூரையிலேயே இருந்து, இலை சேர்த்து, மூன்று அலுமாரியை நனைத்திருக்கிறது. குருவானவர் ஐந்து நிமிடத்தில் நகத்தால் கிள்ளியதற்கு நாங்கள் முழுக் கூரையின் விலையில் கோடரி வாங்கப் பார்த்தோம்.

(இவ்விடத்தில் சபை சிரித்து ஓய்வதற்குச் சற்று நேரம் சென்றது. நகரசபை உறுப்பினருக்கு இளைஞர் ஒருவர் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் தனியாக ஒரு முறை சிரித்தார்.)

எங்கே விட்டேன் என்று மறந்துவிட்டது. அதற்கும் ஒங்காரில் ஒரு முன்மாதிரி உண்டு. ஆப்பிரிக்காவுக்குப் போன டேவிட் லிவிங்ஸ்டன் இளைஞனாக ஒங்காரில் தங்கிப் படித்தவர். அருகிலுள்ள ஸ்டான்ஃபோர்ட் ரிவர்ஸ் என்ற ஊருக்குப் பிரசங்கம் செய்ய அனுப்பினார்கள். மறைநூல் வசனத்தை வாசித்தார். அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. சொல்ல வந்ததை எல்லாம் மறந்துவிட்டேன் என்று சபையாரிடம் கூறிவிட்டு வெளியே ஓடிவிட்டார். நான் ஓடமாட்டேன், வடை இன்னும் வரவில்லை.

மூன்றாவது விடயம், தண்டனைக் கைதிகள். டோர்செட் மாவட்டத்தில் டொல்படில் என்னும் ஊரில், பண்ணைக் கூலிகளின் வாரச் சம்பளம் ஏழு சிலிங்குக்கு இறங்கி, ஆறாகக் குறையப்போகிறது என்ற நிலை வந்தது. ஜோர்ஜ் லவ்லெஸ் என்ற மெதடிஸ்த உபதேசியாரும் வேறு ஐவரும் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். சங்கம் அமைப்பது அப்போது குற்றமில்லை. ஆகவே, அவர்கள் இரகசியமாகச் சத்தியம் செய்தார்கள் என்று, கடற்படைக் கலகத்துக்காக 1797இல் செய்த பழைய சட்டமொன்றைத் தேடி எடுத்து, 1834இல் ஏழாண்டு நாடுகடத்தல் விதித்து அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது; இலண்டனில் மாபெரும் ஊர்வலம் நடந்தது; 1836இல் மன்னிப்பு வழங்கப்பட்டது. திரும்பி வந்தவர்களுள் ஐவருக்கு, தொழிலாளர் சேர்த்த பணத்தில் எசெக்ஸில் பண்ணைகள் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று கிரீன்ஸ்டெட்டில் இருந்தது.

1839இல் அவர்களுள் இளையவரான ஜேம்ஸ் பிரைன், தம்மோடு தண்டனை அனுபவித்த தோமஸ் ஸ்டான்ஃபீல்டின் மகள் எலிசபெத்தை இந்த மரச்சுவர்களுக்கு நடுவேதான் மணம் முடித்தார். இவர்கள் வந்தது குருவானவர் பிலிப் ரேக்குப் பிடிக்கவில்லை. பிரசங்க பீடத்தில் நின்று அவர்களைக் கண்டித்தார். ஆம், பின்னாளில் மரங்களின் உக்கிய பாதங்களைக் கவனித்துச் சுவரைக் காப்பாற்றிய அதே பிலிப் ரேதான். உக்கலை மரத்தில் கண்டுகொண்ட அந்த மனிதருக்கு, வாரம் ஆறு சிலிங்கில் ஒரு குடும்பம் எப்படி உக்கும் என்பது தெரியாமல் போயிற்று. சிலிங் ஒன்றைக் கூட்டிக் கொடுத்து நகத்தால் கிள்ளியிருக்க வேண்டிய பிணக்குக்கு, டோர்செட்டின் நிலக்கிழார்கள் நாடுகடத்தல் என்ற கோடரியை எடுத்தார்கள் என்றும் சொல்லலாம். ஐவரும் சில ஆண்டுகளில் எசெக்ஸை விட்டுவிட்டார்கள். கனடாவுக்குப் போய், அங்கே ஒன்டாரியோவில் இருக்கிற இன்னொரு இலண்டனின் அயலில் குடியேறினார்கள். ஆறாமவர் கதையும் இருக்கிறது. ஆனால் செயலாளர் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டுகிறார்.

நான்காவதாக மணி என்று சொன்னேன். "வில்லியம் லாண்ட் என்னை ஆக்கினார், 1618" என்று அந்த மணியே தன் வாயால் சொல்லும்படி எழுதியிருக்கிறது. அதற்குமேல் மணியைப் பற்றிப் பேச நேரமில்லை. வாசலருகே உள்ள கல்லறை சிலுவைப்போருக்குப் போன வில்வீரன் ஒருவனுடையது என்பார்கள். அதையும் நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். வடை வந்துவிட்டது.

போசகர் ஐயா அவர்கள் என்மேல் கோபிக்கக்கூடாது. புதிய மண்டப நிதிக்கு அவர் எவ்வளவு பாடுபடுகிறார் என்பதை நான் அறிவேன். அந்த நிதிக்கு என் பங்கையும் தந்திருக்கிறேன். ஆயினும் இருக்கிற கூரையைப் பார்க்க ஆள் இல்லாத சங்கம், புதுக் கூரையையும் பார்க்கப்போவதில்லை என்பதை இந்த மேடையில் சொல்லாவிட்டால் வேறெங்கே சொல்லுவது? ஆகவே, ஒவ்வொரு மாதமும் முதற் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு 'பீலி நாள்' என்று வைத்திருக்கிறோம். இலை வாருவது, குழாயில் ஒரு வாளி நீரை ஊற்றி அது கீழே வருகிறதா என்று பார்ப்பது, முகட்டை அண்ணாந்து பார்ப்பது, கொப்பியில் திகதி போட்டு எழுதுவது. அரை மணி நேர வேலை. இந்த ஐப்பசியில் கிரீன்ஸ்டெட்டுக்கு ஒரு பயணமும் ஒழுங்கு செய்திருக்கிறோம். பீலி நாளில் மூன்று தடவை கையெழுத்திட்டவர்களுக்கு முதலிடம்.

பெயர் எழுதும் தாள் கதவருகே, சாத்தாத அந்தக் கதவருகே, நூற்கட்டில் செருகியிருக்கிறது. பேனையும் கட்டியிருக்கிறேன். ஏறுவதற்கு இளைஞர் ஒருவர், ஏணியைப் பிடிக்க இருவர் என்று ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று கோடு போட்டிருக்கிறது. ஏணி பிடிப்பதற்கு என் பெயரை மார்கழி வரைக்கும் எழுதிவிட்டேன். மற்றக் கோடுகள் வெறுமையாக இருக்கின்றன. குருவானவர் ஏணியைத் திருப்பிக் கேட்கவில்லை. வணக்கம்.